கொலாபாவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காந்தவியல் வரலாறு பற்றிச் சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பூமியே ஒரு பெரும் காந்தம் என்று 1600இல் கில்பர்ட் எழுதியது, மின்னோட்டம் பாயும் கம்பியருகே காந்த ஊசி திரும்புவதை 1820இல் எர்ஸ்டெட் காட்டியது, 1831இல் ஃபாரடே கண்ட மின்தூண்டல் எல்லாம் இருந்தன. ஆனால் மும்பையின் கொலாபா ஆய்வகத்துக்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமே.

அங்கே 1841 முதல் பூமியின் காந்தப்புலத்தை அளந்து வந்தார்கள். தொங்கவிட்ட காந்தம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத் தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். 1859 செப்டம்பரில் சூரியனிலிருந்து வந்த காந்தப்புயல் பல நாடுகளில் தந்திச் சேவையைக் குலைத்தபோது, கொலாபாவில் பூமியின் காந்தப்புலத்தின் கிடைமட்டப் பகுதி சுமார் 1,600 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) சரிந்தது. 1989இல் கனடாவின் கியூபெக்கை இருளில் தள்ளிய புயலின்போது, பல நிலையங்களின் அளவுகளைச் சேர்த்துக் கணிக்கும் உலகளாவிய குறியீடு காட்டிய சரிவு 589 நானோடெஸ்லா. ஓரிடத்து அளவையும் பல நிலையங்களின் சராசரியையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் 1859 புயலின் வலிமையைக் கணிக்க முனையும் இன்றைய ஆய்வாளர்கள் கொலாபா ஏடுகளைத்தான் புரட்டுகிறார்கள்.

பிறகு பம்பாய்க்கு மின்சார டிராம் வரவிருந்தது. தண்டவாளத்திலிருந்து மண்ணில் கசியும் மின்னோட்டம் காந்த அளவுகளைக் கெடுத்துவிடும். எர்ஸ்டெட் கண்ட உண்மையே இங்கே இடைஞ்சலாக வந்து நின்றது. அப்போதைய இயக்குநர் நானாபாய் ஃப்ராம்ஜி மூஸ், கடலோர ஊரான அலிபாகைத் தேர்ந்தெடுத்தார். அங்கே போர்பந்தர் கல்லைக் கொண்டு, இரும்பு வாடையே படாமல் புதிய ஆய்வகம் எழுந்தது. 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் அளந்தார்கள். என்னைக் கேட்டால், இதுதான் மூஸ் செய்த மகத்தான காரியம். அப்படிச் செய்யாதிருந்தால் பழைய எண்களோடு புதிய எண்களைச் சேர்த்துப் படிக்க வழியே இருந்திருக்காது. 1841இல் தொடங்கிய அந்த வரிசை இன்றும் அலிபாகில் நீள்கிறது.

எங்கள் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்திலும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் கோடு) அருகில் இருப்பதால், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே பகல் வானில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய ஏற்ற இடம் அது. தங்கள் அடுத்த கட்டுரைக்கு ஒரு செய்தியாளரை அங்கே அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை