சுவர் மட்டும் தெளிவாக இருக்கிறது

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. பின்னால் இருக்கும் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டைகூடத் தெரிகிறது. உன் முகம்தான் தெரியவில்லை. அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இளைத்துவிட்டாளா?" என்றாள். ஃபோகஸ் தப்பியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்று சொல்லிவைத்தேன்.

கேமரா கெட்டுவிட்டதோ என்று எழுதியிருந்தாய். கெடவில்லை. கேமரா ஆடியிருந்தால் சுவரும் சேர்ந்து கலங்கியிருக்கும். டைமர் வைத்துத்தானே எடுத்தாய்? உன் கேனானில் ஒன் ஷாட் என்று இருக்கிறதே, நிக்கான்காரர்கள் ஏஎஃப்-எஸ் என்பார்கள், அந்த முறையில் பொத்தானை அழுத்தும்போதே ஃபோகஸ் நிலைத்துவிடும். அப்போது நீ கேமராவுக்குப் பின்னால் நிற்கிறாய். அதன் எதிரே இருப்பது சுவர் மட்டும்தான். பத்து விநாடிக்குள் நீ ஓடிவந்து நின்றாலும் அது சுவரை விடாது.

நீ நிற்கப்போகும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போடு. ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடு. கேமராவின் விருப்பத்துக்கு விட்டால் பெரும்பாலும் எது பக்கத்தில் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். நாற்காலி முதுகின் விளிம்பில் அந்தப் புள்ளியை வைத்து ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்து. பீப் ஒலித்ததும் விரலை எடுத்துவிட்டு, லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் சுவிட்சை ஏஎஃப்-இலிருந்து (கேமராவே ஃபோகஸ் செய்வது) எம்எஃப்-க்கு (நாம் கையால் செய்வது) தள்ளு. அதற்குப் பிறகு லென்ஸ் வளையத்தில் கை படக் கூடாது. டைமரை வைத்துவிட்டு, நாற்காலியை நகர்த்தி, அதே இடத்தில் நில்.

அந்த 50 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8-இல் அகலத் திறந்துவைத்துக்கொண்டு எடுக்காதே. ஒரு சாண் முன்னால் நின்றாலே முகம் கலங்கிவிடும். துளையைச் சுருக்கி எஃப் 8 வை. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, கூட்டு. படம் பொரிப்பொரியாக வந்தாலும் பரவாயில்லை, முகம் தெரிந்தால் போதும். ஏஐ செர்வோ என்கிற ஃபோகஸ் முறைக்குப் போகாதே, அது நகர்கிறவற்றுக்கு. உனக்கா சொல்ல வேண்டும்? அந்த மீன்கொத்தியை அதில்தானே எடுத்தாய். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறேன். தண்ணீரில் பாய்கிற பறவையின் கண்ணைப் பிடித்தவளுக்கு, அசையாமல் நிற்கிற தன் முகத்தைப் பிடிக்கத் தெரியாமல் போகுமா என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் வேறு மாதிரியும் தோன்றியது. அதை நான் கேட்கப்போவதில்லை.

சித்தி வந்திருந்தாள். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

எடுத்த படத்தைக் கேமராவின் திரையில் சின்னதாகப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதே. அதில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். பெரிதாக்கி, கண் இமை முடிகள் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார். முதலில் நாற்காலி, மறந்துவிடாதே. வேலை முடிந்ததும் சுவிட்சை ஏஎஃப்-க்கே தள்ளிவிடு, இல்லாவிட்டால் அடுத்து எடுப்பதெல்லாம் பாழாகும். படத்தைச் சுருக்காமல் முழு அளவில் அனுப்பு, நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் இப்போது மனமில்லை என்றால் படம் கிடக்கட்டும். இன்றிரவு போன் செய். வீடியோ வேண்டாம் என்றால் வேண்டாம், அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா