400 மீட்டருக்குப் பெயர் கொடுத்த தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதும், மாமியாரின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் படித்து நிம்மதி. இங்கே கோவையிலும் எல்லோரும் நலம். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, தினமும் என்னோடு காலையில் கிளம்பிவிடுகிறார். நான் நீந்துகிறேன், அவர் நடக்கிறார்.

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, "வேளச்சேரியில் மாஸ்டர்ஸ் போட்டி, 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்" என்று, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வயதுப் பிரிவு வாரியாகப் பெரியவர்களுக்கு நடக்கும் இந்த மாஸ்டர்ஸ் நீச்சலில் 50 மீட்டருக்குப் பெயர் கொடுப்பவர்கள் நிறையப் பேர். 400-க்கு நம் வயதில் பெண்கள் வருவதே அபூர்வம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எட்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய், உன்னால் முடியும். எப்படி நீந்துவது என்று கேட்டாயே, நான் படித்ததையும் நீந்தித் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்தப் பந்தயத்தில் முதல் 100 மீட்டரில் உன் உடம்பு சொல்வதை நம்பாதே. முதல் பத்து விநாடி தசையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சக்தியில் ஓடும். மூச்சும் இதயமும் முழு வேலைக்கு வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை எந்த வேகத்தில் போனாலும் சுலபமாகத்தான் இருக்கும். அந்தச் சுலபத்தை நம்பி வேகமாகப் போனால், 200-ஐத் தாண்டும்போது கை கனத்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு மனவலிமை இருந்தாலும் போன வேகம் திரும்பாது.

தண்ணீரின் கணக்கும் அப்படித்தான். வேகம் கூடினால் தண்ணீரின் எதிர்ப்பு அதன் வர்க்கத்தில் கூடும். நீ 10 சதவீதம் வேகமாகப் போனால் எதிர்ப்பு 21 சதவீதம் கூடும், அதற்கு ஒவ்வொரு விநாடியும் செலவாகும் சக்தி 33 சதவீதம் கூடும். முதல் பாதியில் வேகமாகப் போய் மிச்சம் பிடித்த நேரத்துக்கு நீ கொடுக்கும் விலை மிக அதிகம். அதனால் சீராகப் போவதுதான் சிக்கனம்.

உன் எட்டு நிமிடத்தை இப்படிப் பிரித்துப் பார்: முதல் 100 ஒரு நிமிடம் 58, அடுத்தது 2:01, மூன்றாவது 2:02, கடைசி 1:59. முதல் 100 குறைவாக இருப்பது டைவ் கொடுக்கும் வேகத்தால், நீ கூடுதலாக உழைப்பதால் அல்ல. பிளாக்கில் (குளத்து ஓரத்து டைவ் மேடையில்) ஏறி டைவ் அடிக்க பயம் என்றால் மாஸ்டர்ஸில் தண்ணீருக்குள் இருந்தே சுவரை உதைத்துக் கிளம்பவும் விதி அனுமதிக்கிறது. அப்படிச் செய்தால் முதல் 100-க்கு இரண்டு மூன்று விநாடி கூட்டிக்கொள், பதறாதே.

இதில் என் மனதுக்கு மிக நெருக்கமானது மூன்றாவது 100. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொடக்கத்தின் உற்சாகமும் இருக்காது, முடிவும் கண்ணுக்குத் தெரியாது. நேரம் கசிவது அங்கேதான். நீ உழைக்காமல் விட்டதாகவே உனக்குத் தோன்றாது, கை மட்டும் முழங்கையிலிருந்து தளர்ந்து தண்ணீரை வழுக்கவிடும். அதனால் அங்கே நான் ஸ்ட்ரோக்கை, அதாவது கை வீச்சை, எண்ணுவேன். குளத்தின் ஒரு நீளத்துக்கு எப்போதும் ஆகிற எண்ணிக்கையைவிட நான்கைந்து கூடிவிட்டால், கையை நீட்டிப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இன்னும் வேகமாகச் சுழற்றுவது அதற்கு மருந்து இல்லை, முன்னால் நீட்டிப் பிடித்து முழுசாகத் தள்ளுவதுதான்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021-இல் நடந்ததே, அதில்) பெண்கள் 400 ஃப்ரீஸ்டைலை நேரம் கிடைத்தால் பார். பாதித் தூரத்தில் அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி அரை விநாடிக்கு மேல் முன்னால் இருந்தார். ஆஸ்திரேலியாவின் ஆரியர்ன் டிட்மஸ் அவரைத் துரத்திப் பாயவில்லை. விடாமல் பின்னாலேயே வந்து, கடைசி 100-இல் முந்தி, 3:56.69-இல் ஜெயித்தார். லெடெக்கிக்கு 3:57.36. டிட்மஸின் பொறுமையைப் பார்த்து நான் கைதட்டினேன்.

மூச்சு விஷயத்தில் நீயும் நானும் தனியாகக் கவனிக்க வேண்டும். நாம் கற்றுக்கொண்டது தோட்டத்துக் கிணற்றில், தலையைத் தூக்கி வைத்து, மூச்சை அடக்கி. அந்தப் பழக்கம் பதற்றத்தில் திரும்ப வரும். முதல் நீளத்திலிருந்தே இரண்டு கைக்கு ஒரு தரம் மூச்செடு, தண்ணீருக்குள் முகம் இருக்கும்போதெல்லாம் ஊதிக்கொண்டே இரு. மூச்சு வாங்கிய பிறகு எடுக்கலாம் என்று காத்திராதே. கால் உதைப்பையும் பந்தயத்தின் நடுப்பகுதியில் மெதுவாக வைத்துக்கொள். தொடைத் தசை பெரியது, ஆக்சிஜனை நிறையக் குடிக்கும். கடைசி 50-இல் மொத்தமாக அடித்துக்கொள்ளலாம்.

நீ பழகுவது 25 மீட்டர் குளத்தில். வேளச்சேரியில் 50. 400-க்கு உன் குளத்தில் 15 டர்ன் (சுவரில் திரும்புவது) இருக்கிறது, வேளச்சேரியில் 7 மட்டும். ஒவ்வொரு சுவரும் தரும் தள்ளலும் சின்ன ஓய்வும் பாதிக்கு மேல் போய்விடும், அதனால் அதே உழைப்புக்கு நேரம் கூடத்தான் செய்யும். முடிந்தால் முன்கூட்டியே அங்கே போய் சில நாள் நீந்திவிட்டு, எட்டு நிமிடக் கணக்கை அந்தக் குளத்திலேயே போடு.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன்: 400-ஐ உடைத்து நீந்து. ஒவ்வொரு 100-க்குப் பிறகும் பத்து விநாடி நில், மொத்த நேரத்தில் 30 விநாடியைக் கழி. உன்னால் போட்டியில் எவ்வளவு முடியும் என்று ஓரளவு தெரியும். அப்புறம் 50 மீட்டரை எட்டு தடவை, நடுவில் 20 விநாடி ஓய்வோடு. எட்டும் ஒரே நேரத்தில் வர வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் "இது 60" என்று நீயே சொல்லிப் பார். ஊகமும் கடிகாரமும் ஒத்துப்போக ஆரம்பித்தால் உனக்குப் பேஸ், அதாவது சீரான வேகம், பிடிபட்டுவிட்டது. போட்டியன்று நீந்தும்போது உனக்கு இருக்கும் ஒரே கடிகாரம் அதுதான்.

உன் வீட்டுக்காரர் ஆர்வத்தில் கரையோரமாகக் கூடவே நடந்து வேகம் காட்டப் போகிறார், சொல்லி வை. அது விதிமீறல். கேலரியில் உட்கார்ந்து கத்தட்டும். பக்கத்து லேனையும் பார்க்காதே. ஹீட்டை, அதாவது சேர்ந்து நீந்தும் குழுவை, பதிவு நேரத்தை வைத்தும் பிரிக்கலாம், பக்கத்தில் வருபவர் முப்பது வயதுக்காரராக இருக்கலாம். பரிசு வயதுப் பிரிவுப்படிதான். வார்ம்-அப் முடிந்து உன் ஹீட் வர நேரம் ஆகும், ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ கொண்டு போ. நம் வயதில் உடம்பு சீக்கிரம் ஆறிவிடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாய் அல்லவா, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கு.

முடிந்ததும் மொத்த நேரத்தை மட்டும் எழுதாதே. 50, 50-ஆக எட்டு எண்ணையும் குறித்து அனுப்பு, அதுவும் முக்கியமாக அந்த மூன்றாவது 100-இல் வரும் ஐந்தாவதும் ஆறாவதும். மகளை வேலையில் சேரும் முன் இங்கே ஒரு வாரம் அனுப்பி வை.

அன்புடன்,
உன் கோவைத் தோழி