இரண்டு மணிக்கு எழுகிறவனிடம் என்ன சொல்வது?

தாராவி, மும்பை
ஜூலை, விடாத மழை

அன்புள்ள ஹெட்மாஸ்டருக்கு,

ஓய்வு பெற்ற பிறகும் இப்படிக் கூப்பிட்டால் உனக்குப் பிடிக்காது. தெரிந்துதான் கூப்பிடுகிறேன்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்குக் காரணம் மறதி இல்லை, ஒழுகல். கூரைத் தகரம் நகர்ந்து, எழுத வைத்திருந்த நோட்டே ஊறிப்போய்விட்டது. புதுத் தகரம் போடலாம் என்றால், "எல்லாத்தையும் இடிக்கப் போறாங்க, எதுக்கு அண்ணாச்சி வீண் செலவு?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மறுசீரமைப்புக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் எங்கள் கதவிலும் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். சரி, அது தனிக் கதை. மதினிக்கு மூட்டுவலி தேவலையா? என் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்காமல் திரிகிறது.

சுதந்திர தினத்தன்று நம் பழைய பள்ளியில் உன்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், 'நல்லொழுக்கமும் விடாமுயற்சியும்' என்று தலைப்பும் கொடுத்திருக்கிறார்கள், என்ன பேசலாம் என்று கேட்டிருந்தாய். காலமெல்லாம் வகுப்பறையில் நின்றவன், சாயங்காலம் இரண்டு மணி நேரம் ட்யூஷன் எடுக்கிற பழைய மில் குமாஸ்தாவிடம் கேட்கிறாய். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தலைப்பில் நான் இந்த வருடம் இரண்டு தடவை வாயடைத்துப் போனேன். இரண்டையும் சொல்கிறேன், அப்புறம் நீயே முடிவு செய்.

முதல் தடவை, ஜனவரியில். கரும்பலகை ஓரத்தில் நம் ஊர் வழக்கப்படி ஒரு குறள் எழுதிப் போடுவேன். அன்றைக்கு எழுதியது எல்லாருக்கும் மனப்பாடமான 619-ஆம் குறள்: 'தெய்வத்தான் ஆகாது எனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.' வழக்கம்போலப் பொருள் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். அவள் அம்மா வீட்டிலேயே துணிக்குப் பாசிமணி தைக்கிறவள், பீஸ் கணக்கில் காசு. "சார், அம்மா போன வாரம் நாற்பது பீஸ் தைச்சாங்க. சேட் ஆளு வந்து பதினொண்ணு சரியில்லைன்னு காசு தரலை. பீஸையும் திருப்பித் தரலை. அந்தக் கூலி எங்க சார் போச்சு?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. கூலி என்ற சொல் நமக்குச் செய்யுளில் வருகிற சொல். அவளுக்கு அது சனிக்கிழமை சாயங்காலம் வரவேண்டிய காசு.

எனக்குச் சட்டென்று 1982 ஞாபகம் வந்தது. உனக்கு அப்போது எழுதிய கடிதங்களில் பாதியைத்தான் சொல்லியிருப்பேன். ஜனவரி 18-ஆம் தேதி மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நினைத்தோம். வேலைநிறுத்தத்தை நடத்திய தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்தின் கூட்டங்களுக்கு லாரி லாரியாகப் போனார்கள். பாத்திரத்தை விற்றார்கள், தாலியை அடகு வைத்தார்கள், குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு ஒருவேளை சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அதைவிடப் பெரிய விடாமுயற்சியை நான் பார்த்ததில்லை. அந்த வேலைநிறுத்தம் முடிந்ததாக யாரும் முறைப்படி அறிவிக்கக்கூட இல்லை, கரைந்துபோனது. பல மில்கள் திறக்கவே இல்லை. பரேலில் என் மில் இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. வாசலில் இருக்கிற காவல்காரருக்கு அங்கே சங்கு ஊதியது தெரியாது. நான் குமாஸ்தா, ஏதோ தப்பித்து இங்கே ஒரு தோல் கடையில் கணக்கு எழுதிப் பிழைத்தேன். என்னோடு அறையில் இருந்த நெசவுக்காரர் கடைசிவரை தள்ளுவண்டிதான்.

அவர் முயற்சி எந்தக் கூலியைத் தந்தது? அந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. அன்று ராத்திரி பரிமேலழகர் உரையை எடுத்துப் பார்த்தேன். நினைத்தது கைகூடாவிட்டாலும், உடம்பு வருந்திய அளவுக்குக் கூலியைத் தரும் என்கிறார். 'நினைத்தது நடக்கும்' என்று வள்ளுவர் சொல்லவே இல்லை. நாம்தான் மேடைக்கு மேடை அப்படி ஆக்கிவிட்டோம். மறுநாள் இதைச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப வள்ளுவரும் முழு கூலி தர்றேன்னு சொல்லலை" என்றாள். பரிமேலழகருக்கே தோன்றாத உரை! அப்புறம் அந்தப் பதினொரு பீஸையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னேன். இப்போது அம்மாவுக்குக் கணக்குப்பிள்ளை அவள்தான். கையெழுத்து வாங்காமல் பீஸ் கொடுப்பதில்லை.

இரண்டாவது ஆள் இட்லிக்காரப் பையன். எங்கள் பக்கத்து இட்லி வீடுகளைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். நம் பக்கத்துச் சனங்கள்தான், விடிவதற்குள் அவித்து, அலுமினியக் குண்டானில் அடுக்கி, சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு ஊர் முழுக்கப் போகிறவர்கள். இவன் சித்தப்பா வீட்டில் இருக்கிறான். இரண்டு மணிக்கு எழுந்து தேங்காய் உடைத்துச் சட்னி அரைக்க வேண்டும், ஆறு மணிக்குச் சைக்கிள், மதியம் பள்ளிக்கூடம், சாயங்காலம் என்னிடம். வந்து உட்கார்ந்ததும் தலை ஆடும். பத்தாம் வகுப்பில் கணக்கில் போய்விட்டான்.

ரிசல்ட் வந்த அன்று அவனைத் தேற்றுவதற்காக அம்பேத்கரைச் சொன்னேன். தேர்ந்தெடுத்துத்தான் சொன்னேன், ஏனென்றால் அது இங்கே பக்கத்தில் நடந்தது. பரேலில் ஒரு சாலில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டுக் கட்டடத்தில், ஒரே அறை, அதில் முழுக் குடும்பம். படிக்க இடம் இல்லாததால் அப்பா ராம்ஜி மகனைச் சீக்கிரம் படுக்கச் சொல்லிவிட்டு, தான் இரண்டு மணிவரை விழித்திருந்து எழுப்பிவிடுவார். எல்பின்ஸ்டன் பள்ளியில் ஆசிரியர் கணக்குப் போட இவரைப் பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டு டப்பாக்களை மற்ற பையன்கள் ஓடிப்போய் எடுத்துக்கொண்டார்கள், தீட்டுப் பட்டுவிடுமாம். அப்படிப் படித்து 1907-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். மதிப்பெண் எவ்வளவு தெரியுமா? 750-க்கு 282.

இந்த எண்ணைச் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒருவன் விரல் விட்டு எண்ணி, "முப்பத்தெட்டு பர்சன்ட்கூட இல்லையே சார்" என்றான். இல்லைதான். அதற்குப் பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம், அப்புறம் லண்டன். உதவித்தொகை முடிந்து 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து 1920-ல் திரும்பிப் போய், 1923-ல் டி.எஸ்சி. பட்டத்தை வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

நான் நன்றாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு இட்லிக்காரனைப் பார்த்தேன். அவன் சொன்னான்: "அவரை ரெண்டு மணிக்கு எழுப்புனது படிக்கிறதுக்கு சார். என்னை எழுப்புறது சட்னிக்கு."

என்ன பதில் சொல்ல? நான் அம்பேத்கரின் விடாமுயற்சியைச் சொல்கிறேன், அவன் கண்ணுக்கு விழித்திருந்த அப்பாதான் தெரிகிறார். அன்றைக்கே அவன் சித்தப்பாவிடம் போனேன். நல்ல மனிதர்தான், ஆனால் கடன் கழுத்தில் இருக்கிறது. "ஓர் ஆள் குறைஞ்சா முந்நூறு இட்லி குறையும் அண்ணாச்சி" என்றார். கடைசியில் சட்னி வேலையைச் சித்தி எடுத்துக்கொண்டாள், இவனுக்கு அடுப்புக் காவல் மட்டும். இட்லி ஓர் ஈடு வேக ஏறக்குறைய பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு கணக்கு. நானும் தூக்கம் வராத கிழவன்தானே, சில நாள் மூன்று மணிக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்துவிடுவேன். ஆவியில் என் கண்ணாடி மங்கிப்போகும், அவனே வாங்கித் துடைத்துக் கொடுப்பான். மே, ஜூன் முழுக்க இப்படித்தான் போனது. சப்ளிமென்டரி எழுதி முடித்துவிட்டான், ரிசல்ட் இன்னும் வரவில்லை. தேறாவிட்டாலும் ஏ.டி.கே.டி. என்று பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துகொண்டே மறுபடி எழுத வழி இருக்கிறது. நம் காலத்தில் அது ஏது.

ஒழுக்கம் என்று தலைப்பில் இருக்கிறதே, அதற்கும் இவனிடமே ஒன்று இருக்கிறது. மே மாத வெயிலில் ஒருநாள் சட்னி மிஞ்சி, லேசாகப் புளித்துவிட்டது. புதுச் சட்னியில் கலந்துவிடச் சொல்லியிருக்கிறார் சித்தப்பா. இவன் அப்படியே சாக்கடையில் கொட்டிவிட்டு அறை வாங்கியிருக்கிறான். ஏன்டா என்றேன். "நாலாவது நிறுத்தத்துல ஒரு ஆயா அவங்க பேத்திக்கு வாங்குவாங்க சார்" என்றான். அவ்வளவுதான் காரணம். நான் சொல்லிக்கொடுத்தது எதுவும் அதில் இல்லை.

ஆகவே உன் பேச்சுக்கு வருகிறேன். கலாம் பத்திரிகை போட்ட கதையை விட்டுவிடு, பிள்ளைகள் அதைக் கேட்டுக் கேட்டுக் காது தேய்ந்திருப்பார்கள். கலாம்தான் வேண்டும் என்றால், விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போய், எட்டுப் பேரை எடுத்த இடத்தில் ஒன்பதாவதாக வந்து திரும்பினாரே, அதைச் சொல். ஆனால் என்னைக் கேட்டால் அதைவிட நல்ல கதை உன்னிடம் இருக்கிறது.

1973. எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சை. நான் முன் பெஞ்சுக்காரன் பேப்பரைப் பார்த்து இரண்டு கணக்குப் போட்டேன். உனக்கும் அதே பேப்பர் தெரிந்தது, நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் தேறினேன், நீ தவறினாய். உங்கள் அப்பா உன்னோடு பேசாமல் இருந்ததும், நீ கிணற்று மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்து மறுபடி எழுதித் தேறியதும் ஊருக்குத் தெரியும். முன்பாதி நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஐம்பது வருடத்தில் ஒருதடவைகூட நீ அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது மேடையில் சொல், என் பேரையும் சேர்த்துச் சொல், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஹெட்மாஸ்டர் கணக்கில் ஃபெயிலானவர் என்று தெரிந்தால் கடைசி பெஞ்சு உன்னைக் கவனிக்கும்.

ஒன்று மட்டும் வேண்டும். 'உழைத்தால் கட்டாயம் ஜெயிக்கலாம்' என்று சொல்லிவிடாதே. கூட்டத்தில் யாராவது ஒரு பீஸ் தைக்கிறவளின் மகள் இருப்பாள்.

மணி ஒன்றே முக்கால். எதிர் வீட்டில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன் பழைய பெஞ்சுக்காரன்

பி.கு.: தீபாவளிக்கு இங்கே வருகிற ஆள் யாராவது இருந்தால் உடன்குடி கருப்பட்டி இரண்டு கிலோ கொடுத்துவிடு. சர்க்கரை வியாதிக்காரனுக்கு எதற்கு என்று மதினி கேட்டால், இட்லிக்காரப் பையனுக்கு என்று சொல்.