மச்பூஸ் சமைத்த கைகளைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு கிழமைகளுக்கு முன் தங்கள் ஞாயிறு இதழின் மகளிர் பக்கத்தில் அரபுக் கோழிச் சோறு பற்றிய சமையல் குறிப்பு ஒன்று வெளிவந்தது. மச்பூஸ் என்ற பெயரையும் போட்டிருந்தீர்கள். அந்தப் பெயரைத் தமிழ் எழுத்தில் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. வாசித்துக்கொண்டு போகப் போக அந்த மகிழ்ச்சி வற்றிவிட்டது. தயிரில் ஊறவைத்த கோழி, இரண்டு மேசைக்கரண்டி பிரியாணி மசாலாத்தூள், ஆறு பச்சைக் கொச்சிக்காய், ஒரு சிட்டிகை செம்மஞ்சள் நிறப்பொடி. இப்படிச் சமைத்தால் வருவது கோழிப் பிரியாணி. நல்ல பிரியாணியாகவே இருக்கலாம். ஆனால் லூமி என்ற காய்ந்த தேசிக்காயின் பெயரே அந்தக் குறிப்பில் எங்கும் இல்லை. புளி சேர்க்காமல் மீன்குழம்பு வைக்கச் சொன்னால் நம் பெண்கள் சும்மா இருப்பார்களா?

நான் மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியைச் சேர்ந்தவள். 2003 முதல் 2014 வரை குவைத்தில், ருமைத்தியா என்னும் பகுதியில், ஒரே வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தேன். போகும்போது மூத்தவனுக்கு ஆறு வயது, இளையவளுக்கு மூன்று. என் தாயிடம் விட்டுவிட்டுப் போனேன். அந்தப் பதினொரு வருடத்தில் நான் சமைத்த மச்பூஸுக்குக் கணக்கில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் சமைத்தேன். சில கிழமைகளில் விருந்தாளிகளுக்காக மூன்று நாளும் சமைத்தேன். அதனால் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

எசமானியை நாங்கள் ‘மாமா’ என்று அழைப்போம். அங்கே அதற்கு அம்மா என்று பொருள். அவருடைய மாமியாரை வீடு முழுவதும் ‘யும்மா’ என்று அழைக்கும். எனக்குச் சமையல் கற்பித்தவர் அந்த யும்மாதான். அவருடைய தகப்பனார் பூம் என்ற பெரிய பாய்க்கப்பலில் பம்பாய்க்கும் மலபார்க் கரைக்கும் போய்வந்த மாலுமி. பேரீச்சம்பழம் ஏற்றிப் போய் அரிசி, மரம், வாசனைச் சரக்குகள் கொண்டுவருவாராம். 1961இல் தீனார் வரும்வரை குவைத்தில் ரூபாய்தான் புழங்கியது என்று யும்மா சொன்னபோது நான் நம்பவில்லை. பழைய நாணயம் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஏலக்காயை அவர்கள் ‘ஹேல்’ என்கிறார்கள். ஊறுகாய்க்கு ‘அச்சார்’ என்கிறார்கள். முதல் மாதத்தில் ஒரு சொல்லும் விளங்காமல் அழுதுகொண்டிருந்த எனக்கு, அந்தக் குசினியில் முதலில் காதில் விழுந்த தெரிந்த சொற்கள் இவை இரண்டும்தான். கராம்புக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘மிஸ்மார்’. ஆணி என்று பொருள். கையில் எடுத்துப் பார்த்தால் ஆணிதானே!

முதல் வெள்ளிக்கிழமை நான் செய்த பிழையும் தங்கள் குறிப்பில் உள்ள பிழையும் ஒன்றே. ருசியாக இருக்கட்டும் என்று கொச்சிக்காயை அரைத்துப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் ஒரு பிடி வாயில் வைத்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடினார்கள். மாமா முகம் சிவந்துபோய் எழுந்தார். யும்மா அவரை இருக்கச் சொல்லிவிட்டு, அன்று பின்னேரம் என்னைக் குசினிக்கு அழைத்து, சட்டி ஒன்றில் வெறும் தண்ணீரும் ஒரு லூமியும் நாலு ஏலக்காயும் போட்டுக் கொதிக்கவைத்தார். கண்ணை மூடச் சொல்லி, ஆவியை முகரவைத்தார். “ரீஹா, ரீஹா” என்றார். வாசனை, வாசனை. மச்பூஸ் மூக்குக்கான சாப்பாடு; உறைப்பு வேண்டியவருக்கு அது பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும். இதை எனக்கு விளங்கவைக்க அவருக்கு அன்று வேறு மொழி தேவைப்படவில்லை.

லூமி என்பது காய்ந்த தேசிக்காய். முழுக் காயை உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வெயிலில் கிழமைக்கணக்கில் காயவைப்பார்கள். கறுத்து, ஆட்டினால் உள்ளே கலகலக்கும். ஓமானிலிருந்து வருவது நல்லது என்று யும்மா சொல்வார். ஈராக்கில் இதையே பஸ்ராத் தேசிக்காய் என்கிறார்கள். புளிப்பும் மெல்லிய கசப்பும் புகை போன்ற ஒரு வாசனையும் சேர்ந்தது. வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ அதற்கு ஈடாகாது. இங்கே கிடைக்காதே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். உப்புத் தேசிக்காய் போடத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் லூமி செய்யத் தெரியும். வித்தியாசம் ஒன்றுதான்: நாம் காயைக் கீறி உப்பை அடைப்போம், லூமிக்குக் காயைக் கீறக்கூடாது. சின்னக் காயாகத் தேர்ந்து, உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, துடைத்து, தகரத்தின் மேல் காயவையுங்கள். இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

இனிச் சமையல். ஆறு பேருக்கு ஒன்றேகால் கிலோ கோழியும் 3 சுண்டு பாஸ்மதி அரிசியும் போதும். கோழியைத் தோலோடு நாலு பெரிய துண்டாக வெட்டுங்கள். அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி அரை மணித்தியாலம் ஊறவையுங்கள். சட்டியில் கொஞ்சம் நெய், அதில் ஒரு பம்பாய் வெங்காயம், ஒரு துண்டு கறுவா, ஆறு ஏலக்காய், ஐந்து கராம்பு, பத்து மிளகு. வாசனை எழும்போது கோழியைப் போட்டுப் புரட்டி, அது மூழ்கும்வரை தண்ணீர் விட்டு உப்புப் போடுங்கள். நுரையை அள்ளி எறிந்த பிறகு, இரண்டு இடத்தில் குத்திய லூமி இரண்டைப் போடுங்கள். அகப்பையால் லூமியை நசுக்கக்கூடாது. நசுங்கினால் விதையின் கசப்பு முழுவதும் சாற்றில் இறங்கிவிடும். ஒரு தடவை ஒரு சட்டிச் சாற்றையும் நான் அப்படித்தான் பாழாக்கினேன். கறுவா பற்றி ஒன்று: அங்கே கிடைக்கும் பட்டை தடித்தது, காரமானது. நமது கறுவா மெல்லியது, இனிப்பானது. நமது கறுவா என்றால் ஒன்றரை மடங்கு போடலாம்.

கடைக் கோழி என்றால் முக்கால் மணித்தியாலத்துக்குள் வெந்துவிடும். எடுத்து, மிளகு, மல்லி, சின்னச் சீரகம், கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய் சேர்த்து அரைத்த தூளில் ஒரு தேக்கரண்டி தடவி, ஓவனில் தோல் சிவக்கும்வரை வையுங்கள். ஓவன் இல்லாத வீட்டில் தாச்சியில் கொஞ்சம் நெய் விட்டுத் தோல் பக்கத்தைச் சிவக்க வைத்தால் போதும். நான் இங்கே அப்படித்தான் செய்கிறேன்.

உயிர் அந்தச் சாற்றில் இருக்கிறது. அதை வடித்து, ஒரு சுண்டு அரிசிக்கு ஒன்றரைச் சுண்டு சாறு என்று அளந்து, லூமியையும் திரும்பப் போட்டு, கொதித்ததும் அரிசியைச் சேருங்கள். சாற்றை நாவில் வைத்துப் பார்த்தால் உப்பு சற்றுக் கூடுதலாகத் தெரிய வேண்டும். அரிசி அதை இழுத்துவிடும். மேலே நீர் வற்றியதும் மூடி, நெருப்பை மிகவும் குறைத்து இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். கிளறவே கூடாது. பன்னீரில் ஊறிய குங்குமப்பூ கிடைத்தால் மூடுமுன் அங்கங்கே தெளிக்கலாம். கிடைக்காவிட்டால் விடுங்கள். தயவுசெய்து நிறப்பொடி வேண்டாம்.

சோறு தம்மில் இருக்கும்போது ஹஷு செய்ய வேண்டும். தங்கள் குறிப்பில் இதுவும் இல்லை. மெல்லியதாக அரிந்த இரண்டு வெங்காயத்தை முதலில் எண்ணெய் இல்லாமல் வாட்டி, நீர் வற்றிப் பழுப்பானதும் நெய் விட்டு, அவித்த கடலைப்பருப்பு ஒரு பிடி, முந்திரிகை வற்றல் ஒரு பிடி, விதை நீக்கி இடித்த லூமித்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகு, ஏலம் சேர்த்துப் புரட்டி எடுங்கள். இனிப்பும் புளிப்பும் கலந்த அதைச் சோற்றின் மேல் தூவுவார்கள். தக்காளி, உள்ளி, கொச்சிக்காய் சேர்த்துக் காய்ச்சிய டக்கூஸ் பக்கத்தில் இருக்கும். உறைப்பு அதற்குள்தான். சவூதியில் வேலை செய்த என் தோழிகள் கப்ஸா என்று சொல்வதில் தக்காளியும் துருவிய கரட்டும் சோற்றிலேயே சேரும். ருமைத்தியா வீட்டில் தக்காளி டக்கூஸைத் தாண்டி வந்ததில்லை.

பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, கோழியை மேலே வைத்து, நிலத்தில் சுப்ரா விரித்து எல்லாரும் சுற்றி அமர்வார்கள். அங்கே சோற்றுக்குப் பெயர் ‘ஐஷ்’. எகிப்துக்காரர் பாணைத்தான் ஐஷ் என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வாழ்வு என்பதே பொருள் என்று யும்மா சொன்னார். 2007இல் வார விடுமுறை வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறியது. மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் கூடும் வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் மாறவில்லை. எனக்கு அதுதான் கிழமையிலேயே கடினமான நாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் கடைசித் தட்டுக் கழுவ இரவு பத்தாகும். வீட்டு வேலையாட்களுக்குக் கிழமையில் ஒரு நாள் ஓய்வு என்ற சட்டம் அங்கே 2015இல்தான் வந்தது. நான் அதற்கு முந்திய வருடமே திரும்பிவிட்டேன்.

ஆசிரியர் அவர்களே, என் மனத்தாங்கலை இப்போது சொல்கிறேன். தங்கள் குறிப்பின் கீழே கொழும்பு நட்சத்திர ஹோட்டல் ஒன்றின் சமையற்காரர் பெயர் இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் தெருவில் மட்டும் வளைகுடாவில் வேலை செய்து திரும்பிய பெண்கள் நாலு பேர் இருக்கிறோம். ஒருத்தி கட்டாரில் ஒன்பது வருடம் சமைத்தவள். இன்னொருத்தி றியாத்தில் நோன்பு மாதம் முழுவதும் ஐம்பது பேருக்கு ஹரீஸ் என்ற கோதுமை இறைச்சிக் கஞ்சி கிண்டியவள். எங்களைப் பற்றித் தங்கள் பத்திரிகை எழுதுவது, யாராவது சூடு வாங்கி வரும்போது, அல்லது சவப்பெட்டியில் வரும்போது. அந்தச் செய்திகள் வரத்தான் வேண்டும். இன்னும் பெரிய எழுத்தில் வரட்டும். ஆனால் மச்பூஸ் எப்படிச் சமைப்பது என்று எழுத நினைக்கும்போது எங்கள் ஞாபகம் ஏன் வருவதில்லை? நாங்கள் அங்கே பட்டது மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? பிள்ளைகளைப் பிரிந்திருந்த அத்தனை வருடத்தில் நாங்கள் கற்றுக்கொண்டது ஒரு தொழில். எங்கள் கைகளில் அது இன்னும் இருக்கிறது.

என் மகள் போன வருடம் கேட்டாள்: “அம்மா, அங்கே நீங்களும் இதைச் சாப்பிட்டீர்களா?” சாப்பிட்டேன் மகள் என்றேன். எல்லாரும் எழுந்த பிறகு, குசினியில், சட்டியின் அடியில் பிடித்த பொருக்கைச் சுரண்டிச் சாப்பிட்டேன். யும்மாவுக்கும் அந்தப் பொருக்குத்தான் பிடிக்கும். தட்டில் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு குசினிக்கு வந்து, என் பக்கத்தில் சின்ன முக்காலியில் அமர்ந்து பாதியை வாங்கிக்கொள்வார்.

மகளிர் பக்கத்தில் மாதம் ஒரு தடவையாவது எங்களில் ஒருத்தியின் சமையலை அவளுடைய ஊரோடு போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நான் எழுதித் தருகிறேன். மச்பூஸைச் செய்துபார்க்க நினைக்கும் வாசகிகள் முதலில் தேசிக்காயைக் காயவைத்துவிடுங்கள். மற்ற எல்லாம் கடையில் கிடைக்கும். என் கூரைத் தகரத்தில் இப்போது இருபது காய் இருக்கிறது. இன்னும் கறுக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
செங்கலடி