மேசையைத் தட்டிய பெரியவருக்கு

ஐயா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஹாங்காங் ஷியுங் வானில், லிஃப்ட் ஏறிப் போகவேண்டிய அந்த யம் சா கடையில் (தேநீரோடு சிறுசிறு பலகாரங்கள் சாப்பிடும் இடம்), ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு உங்கள் வட்டமேசையில் என்னைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நீங்கள் செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்தீர்கள், ஒரு தலையசைப்பு, மறுபடியும் செய்தித்தாள். முன்பின் அறியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்வது அந்த ஊரில் சகஜம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும் கூச்சப்படவில்லை. மதிய நேரத்து மெஸ்ஸில், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடித்துப் பழகியவள் நான்.

தேநீர்க் கெண்டி வந்தவுடன் கோப்பையில் ஊற்றிக் குடிக்கப் போனேன். நீங்கள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என் கோப்பையை இழுத்துக்கொண்டீர்கள். சுடுதேநீரை ஊற்றிச் சுழற்றி, சாப்ஸ்டிக்கின் நுனியையும் கரண்டியையும் அதில் அலசி, எல்லாவற்றையும் நடுவிலிருந்த பெரிய கிண்ணத்தில் கொட்டினீர்கள். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. வாழை இலையில் தண்ணீர் தெளித்து வழித்துவிட்டுத்தானே நாங்களும் சாப்பிட உட்காருகிறோம்.

அதற்கு நன்றியாக உங்கள் கோப்பையில் நான் தேநீர் ஊற்றினேன். நீங்கள் இரண்டு விரல்களை மடக்கி மேசையைத் தட்டினீர்கள். 'இன்னும் ஊற்று' என்கிறீர்கள் என்று நினைத்தேன். ஊற்றினேன். மறுபடியும் தட்டினீர்கள். மறுபடியும் ஊற்றினேன். தேநீர் விளிம்பைத் தாண்டி மேசைவிரிப்பில் இறங்கிய பிறகுதான் கோப்பையின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்தீர்கள். அந்தச் சைகை எனக்குப் புரிந்தது. எங்கள் பந்தியிலும் அதற்குப் 'போதும்' என்றுதான் பொருள்.

அந்தத் தட்டலுக்கு 'நன்றி' என்று பொருள் என்பதை, அன்றிரவு அலுவலகத் தோழி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சொன்னாள். சீனப் பேரரசர் சியான்லோங் மாறுவேடத்தில் ஊர்சுற்றியபோது, தன் பணியாளுக்குத் தானே தேநீர் ஊற்றினாராம். மண்டியிட்டு வணங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவன் விரல்களை மண்டியிடவைத்தானாம். கதைதான். ஆனால் என் கதையில் பேரரசர் பணியாளைத் திரும்பத் திரும்ப மண்டியிடவைத்து மேசையையும் நனைத்துவிட்டார்.

பிறகு பலகாரத் தள்ளுவண்டிகள் வந்தன. அடுக்கடுக்காக மூங்கில் கூடைகள், அவற்றின் நடுவே எழும் ஆவி, 'ஹார் காவ்! சியூ மாய்!' என்று இறால் கொழுக்கட்டையையும் பன்றியிறைச்சிக் கொழுக்கட்டையையும் கூவும் குரல். பேருந்து நிலையத்தில் முறுக்கு விற்பவரின் குரலுக்கு உள்ள அதே அவசரம். நான் கையை நீட்டினேன். வண்டிக்கார அம்மா என்னிடம் எதையோ கேட்டார். நான் மறுபடியும் கையை நீட்டினேன். அவர் போய்விட்டார். நீங்கள்தான் மேசையில் கிடந்த சீட்டை எடுத்து என் கையில் திணித்தீர்கள். சிறியது, நடுத்தரம், பெரியது, விசேஷம் என்று கட்டங்கள். எடுக்கும் கூடைக்கேற்ற கட்டத்தில் ஒரு முத்திரை. கடைசியில் முத்திரைகளை எண்ணிப் பணம். சீட்டு இல்லாவிட்டால் சோறு இல்லை. அதனால்தான் பாதிப்பேர் சீட்டும் கையுமாகச் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள் என்று பிறகு புரிந்தது.

இரண்டாவது முறை மூடியிருந்த ஒரு கூடையைக் கைகாட்டினேன். உள்ளே கோழிக்கால்கள்! நகம் வெட்டி, எண்ணெயில் பொரித்து, தோல் உப்பும்படி நீரில் ஊறவைத்து, புளிக்கவைத்த கறுப்புச் சோயா அவரையோடு ஆவியில் வேகவைத்தவை. ஃபுங் சாவ், அதாவது ஃபீனிக்ஸ் பறவையின் நகம் என்று அதற்குப் பெயர். கோழிக்கு இப்படி ஒரு பதவி உயர்வை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் திகைத்திருக்க, நீங்கள் உங்கள் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து, வாயிலேயே எலும்பைப் பிரித்து, தட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினீர்கள். ஆட்டுக்கால் சூப்பில் எலும்பு உறிஞ்சி வளர்ந்த எனக்கு அது நீண்ட பாடமாக இருக்கவில்லை. மூன்றாவது கால் முடிந்தபோது நீங்கள் சிரித்ததைப் பார்த்தேன்.

ருசியைப் பற்றி உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஹார் காவின் மாவைக் கொதிநீர் ஊற்றித்தான் பிசைகிறார்கள். எங்கள் கொழுக்கட்டைக்கும் அதே கைப்பக்குவம். ஆனால் அவர்கள் எடுப்பது பசையம் (குளூட்டன்) நீக்கிய கோதுமை மாவு. எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் அழுத்தி வட்டமாக்கி, உள்ளே இறால் வைத்து மடிப்பு மடிப்பாக மூடுகிறார்கள். வெந்து இறங்கிய உடனே அதைச் சாப்பிடவேண்டும். வண்டியில் ஊர்வலம் போய்வந்த ஹார் காவின் தோல் இளகிவிடுகிறது. தூக்கும்போது தோல் கூடையிலேயே தங்கிவிட, இறால் மட்டும் மேலே வருகிறது. காகிதத்தில் குறித்துக் கொடுத்தால் அப்போதே வேகவைத்துக் கொண்டுவரும் கடைகளில் பிறகு சாப்பிட்டேன். சந்தேகமே இல்லை, அங்கேதான் ருசி.

அந்தக் கடைகளின் பக்கம்தான் காலமும் இருக்கிறது. வண்டி ஓட அகலமான நடைவழி வேண்டும், ஹாங்காங் வாடகையில் நடைவழிக்கும் விலை உண்டு; தள்ளுவதற்கு ஆட்கள் வேண்டும்; விற்காமல் சுற்றும் கூடைகள் நஷ்டம். ஹாங்காங்கின் அட்மிரல்டி பகுதியில் 1990 முதல் வண்டி ஓட்டிய மெட்ரோபோல் உணவகம் 2025 செப்டம்பரில் மூடப்பட்டது. சிட்டி ஹாலின் மாக்சிம்ஸ் பேலஸ் போன்ற சில இடங்கள்தான் மிச்சம்.

ஆனால், ஐயா, அன்றைக்கு என் முன்னால் சீன எழுத்து நிறைந்த ஒரு காகிதத்தை வைத்திருந்தால் தேநீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்திருப்பேன். உங்கள் மொழியில் எனக்கு அப்போது தெரிந்த ஒரே சொல் 'சா'. அதுவும் எங்கள் டீக்கடைச் சாயாவின் தயவில். எழுத்தும் பேச்சும் தெரியாதவளுக்கு வண்டி ஒரு பெரிய தயவு. கண்ணால் பார், கையைக் காட்டு, சாப்பிடு. தவறாகக் கைகாட்டினால் கோழிக்கால். அதற்காகத் தோல் கிழிந்த ஹார் காவை மன்னிக்க நான் தயார்.

நீங்கள் ஒரு கெண்டி 'போ லெய்' (புளிக்கவைத்த சீனத் தேநீர்), இரண்டு கூடைகள், அதோடு எழுந்துவிட்டீர்கள். அதுதான் பழைய முறை என்று தோழி சொன்னாள். கிளம்பும்போது என் கெண்டியின் மூடியைத் தூக்கி, பக்கவாட்டில் சாய்த்து வைத்துவிட்டுப் போனீர்கள். ஏன் என்று விழித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கூப்பிடாமலே ஒருவர் வந்து வெந்நீர் ஊற்றிவிட்டுப் போனார்.

அதன்பின் நான்கு ஞாயிறுகள் அங்கே வந்தேன். ஒருநாளும் உங்களைக் காணவில்லை. இப்போது சீட்டைக் கையிலேயே பிடித்திருக்கிறேன், மூடியையும் சாய்த்து வைக்கிறேன். மறுபடி ஒரே மேசை அமைந்தால் உங்கள் கோப்பையை நான்தான் நிரப்புவேன். நீங்கள் தட்டியவுடன் நிறுத்திவிடுவேன்.

அன்புடன்,
எதிர் நாற்காலிக்காரி