அயர்லாந்தின் வரலாற்றைத் தமிழில் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். அயர்லாந்து விடுதலைப் போராட்டம் பற்றித் தமிழில் வருவனவற்றைப் பல ஆண்டுகளாகத் தேடிப் படித்துவருபவன் என்ற ஒரே உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். நான் படித்தவற்றுள் பெரும்பாலானவை, 1916 ஏப்ரல் 24 அன்று டப்ளின் தலைமை அஞ்சலகத்தின் முன், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான எழுச்சியின் தலைவர்களுள் ஒருவரான பேட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்ததில் தொடங்கி, 1921 டிசம்பரில் லண்டனில் பிரிட்டனுடன் ஒப்பந்தம் கையெழுத்தானதோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு முந்தைய பெரும்பஞ்சத்துக்கும் பிந்தைய உள்நாட்டுப் போருக்கும் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. அவ்விரண்டையும் விட்டுவிட்டு அந்த ஐந்தாண்டுகளை மட்டும் சொன்னால் கதை விளங்காது என்பதே என் முறையீடு.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரை அழுகல் நோய் தாக்கியது. ஐரோப்பாவின் பிற நாடுகளையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. ஆயினும் அயர்லாந்தில் விழுந்த அளவுக்கு வேறெங்கும் சாவு விழவில்லை. விளைந்த தானியம் நிலக்கிழாரின் குத்தகைக்குப் போய்விட, சிறு உழவனின் வயிற்றுக்கென்று அங்கே எஞ்சியது கிழங்கு மட்டுமே. 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851இல் ஏறத்தாழ 65 லட்சமாகக் குறைந்தது. சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். அதே ஆண்டுகளில் ஓட்ஸும் வெண்ணெயும் கால்நடைகளும் துறைமுகங்கள் வழியே இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்தன. 1847 கோடையில் கஞ்சித்தொட்டிகள் நாளொன்றுக்குச் சுமார் 30 லட்சம் பேருக்கு உணவளித்தன. உயிர்களைக் காத்த அந்த ஏற்பாட்டைச் சில மாதங்களிலேயே மூடிவிட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது என்றும் சட்டம் செய்தார்கள். நிலத்தை விட்டால் கஞ்சி, விடாவிட்டால் பட்டினி என்பதுதான் அச்சட்டத்தின் நடைமுறைப் பொருள்.

இந்தச் செலவுகளுக்குக் கணக்குப் பார்த்தவர் பிரிட்டிஷ் கருவூலத்தின் உயர் அதிகாரி சார்லஸ் டிரெவெலியன். பஞ்சத்தில் இறைவனின் சித்தத்தைக் கண்டவர் அவர். 1859இல் அவரே சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். அவர் அமைத்த பீப்பிள்ஸ் பார்க்கின் நிலத்தில்தான் பின்னர் ரிப்பன் மாளிகை எழுந்தது. வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக மறு ஆண்டே அவர் திருப்பி அழைக்கப்பட்டார் என்பது வேறு கதை. சென்ட்ரல் வழியாக நாள்தோறும் போய்வரும் வாசகரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அயர்லாந்து அவருக்கு அவ்வளவு தொலைவில் இருக்காது.

1916 எழுச்சியை எழுதும்போதும் ஒன்றை மறைக்க வேண்டாம். சரணடைந்த போராளிகள் தெருவழியே இட்டுச்செல்லப்பட்டபோது, டப்ளின் மக்களில் பலர் அவர்களை ஏசினார்கள். மே 3 முதல் 12 வரை 15 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதும், காயம்பட்டு நிற்க முடியாதிருந்த எழுச்சித் தலைவர் ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டதும்தான் ஊரின் மனத்தைத் திருப்பின. 1918 தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73ஐ விடுதலை கோரிய சின் ஃபெய்ன் கட்சி வென்றது. தாத்தா பாட்டியிடம் பஞ்சக்கதை கேட்டு வளர்ந்த தலைமுறையின் வாக்கு அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வேகம் வியப்பளிக்காது.

உள்நாட்டுப் போரைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த மனக்குறை. வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்கள் ஏற்கெனவே தனியே பிரிக்கப்பட்டிருந்த நிலையில், மன்னருக்கு விசுவாச உறுதிமொழி கேட்ட அந்த லண்டன் ஒப்பந்தத்தை டாயில் எனும் ஐரிஷ் நாடாளுமன்றம் 64க்கு 57 என்ற வாக்கில் ஏற்றது. 1922 ஜூன் 28 அன்று, பிரிட்டிஷாரிடம் இரவல் வாங்கிய பீரங்கிகளைக் கொண்டு ஐரிஷ் அரசுப் படையே, ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் பிடித்துவைத்திருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தைத் தாக்கியது. இரண்டு நாள் கழித்து நிகழ்ந்த பெருவெடிப்பில் அங்கிருந்த அரசு ஆவணக் காப்பகம் எரிந்தது. கருகிய காகிதத் துண்டுகள் நகரின் மீது பறந்து விழுந்தன. 1841, 1851 கணக்கெடுப்புகளின் வீட்டுவாரிப் படிவங்கள் பெரும்பாலும் அந்தத் தீயில்தான் போயின. பஞ்சத்துக்கு முன் எந்த வீட்டில் யார் யார் இருந்தனர், பஞ்சத்துக்குப் பின் யார் மிஞ்சினர் என்பதைக் காட்டிய பெயர்கள் அவை. மொத்தத் தொகை அச்சேறியிருந்ததால் பிழைத்தது. ஆகஸ்டில், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரும் அரசுப் படையின் தலைவருமான மைக்கேல் காலின்ஸ் தம் பழைய தோழர்களின் குண்டுக்குப் பலியானார். புதிய ஐரிஷ் அரசு தன் சொந்த மக்களில் எழுபதுக்கு மேற்பட்டோருக்கு மரணதண்டனை நிறைவேற்றியது. விடுதலைப் போரின்போது பிரிட்டிஷ் அரசு நிறைவேற்றியதைவிட இது அதிகம்.

இவற்றை எழுதினால் வீரர்களின் பெருமை குன்றிவிடும் என்று தாங்கள் தயங்குவதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஐரிஷ் மக்களுக்கு அத்தயக்கம் இல்லை. எரிந்த ஆவணங்களின் படிகளைப் பல நாட்டுக் காப்பகங்களில் தேடித் திரட்டி, தீ விபத்தின் நூற்றாண்டான 2022இல் இணையத்தில் அனைவருக்கும் திறந்துவைத்தார்கள். தங்கள் நூல்களின் அடுத்த பதிப்புக்கு முன் ஒருமுறை அதைப் பார்வையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகன்