பல் கிளினிக்கில் ‘மயக்கம்’ என்றால் எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘தூங்கி எழுந்தால் பல் வேலை முடிந்திருக்கும்’ என்கிற வகை விளம்பரங்கள் இப்போது கைத்தொலைபேசியைத் திறந்தாலே வருகின்றன. பல் கிளினிக்குக்கு அழைப்பவர்களும் ‘மயக்கம் கொடுத்துச் செய்வீங்களா?’ என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கேட்பதில் தவறில்லை, சொல்லில்தான் சிக்கல். ஈறை மரத்துப்போக வைக்கும் ஊசி நமக்கு மயக்க ஊசி. பயத்தைத் தணிக்கும் மருந்தும் மயக்க மருந்து. ஆபரேஷன் அறையில் நினைவே இல்லாமல் கிடத்துவதும் மயக்கம். வெயிலில் தலைசுற்றி விழுந்தால் அதுவும் மயக்கம். மலாயில் ‘பியுஸ்’ என்று கேட்டாலும் இதே கதைதான்.

இது இலக்கணச் சண்டையாக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சாப்பாட்டு விதி வேறு. மரத்துப்போகும் ஊசிக்குச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். சிரிப்பூட்டும் வாயுவுக்கு லேசாகச் சாப்பிட்டிருக்கலாம். கையில் ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றுவதற்குப் பெரும்பாலான இடங்களிலும், முழு மயக்கத்துக்கு எல்லா இடங்களிலும், வயிறு காலியாக இருக்கவேண்டும். ‘மயக்கம்’ என்று காதில் விழுந்ததும் முதல்நாள் இரவிலிருந்து பட்டினி கிடந்து, ஒரே ஒரு பல்லைப் பிடுங்க வருகிறவர் நாற்காலியில் சாய்ந்ததும் வியர்த்துத் துவண்டுபோகிறார். அவர் நீரிழிவுக்காரராக இருந்து, காலையில் கிளிக்லசைடு என்ற நீரிழிவு மாத்திரையையும் விழுங்கியிருந்தால் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே போய்விடுகிறது. இன்னொருவரோ ‘பல்லுக்குத்தானே’ என்று வருகிற வழியில் ரொட்டி சானாயும் தே தாரே என்ற பால் தேநீரும் முடித்துவிட்டுக் கை ஊசிக்கு வந்து நிற்கிறார். அவரைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறோம்.

மரத்துப்போகும் ஊசி பயத்துக்கு மருந்தல்ல. ஆனாலும் பலருடைய பயம் அந்த ஊசியைப் பற்றியதுதான். அதை ஒழுங்காகப் போட்டாலே பாதி பயம் இறங்கிவிடும். ஈறைத் துடைத்துக் காயவைத்த பிறகு பூச்சு ஜெல்லைத் தடவி 2 நிமிடம் காத்திருக்கவேண்டும். ஈரத்தின் மேல் தடவினால் ஜெல் எச்சிலோடு கரைந்து தொண்டையை மரக்க வைக்கும், ஈறு அப்படியே இருக்கும். பிறகு மருந்தை 1 மில்லிக்கு 1 நிமிடம் என்ற வேகத்தில் செலுத்தவேண்டும். ஒரு குப்பியை 10 விநாடியில் அழுத்தித் தள்ளும்போது வலிப்பது ஊசி முனையால் அல்ல. இடமில்லாத திசுவுக்குள் திரவத்தைத் திணிப்பதால்தான் வலி. இன்னொன்று: ‘எனக்குப் பல் ஊசி ஒத்துக்காது, நெஞ்சு படபடன்னு அடிச்சது’ என்பவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒவ்வாமை அல்ல. மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலின் செய்யும் வேலை அது, சில நிமிடங்களில் அடங்கிவிடும். லிடோகெய்ன், மெபிவகெய்ன் வகை மருந்துகளுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஆனாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். அட்ரினலின் சேராத மருந்தும் இருக்கிறது.

சீழ் கட்டிய பல்லின் கதை வேறு. அங்கே திசு அமிலமாகிவிடுவதால், ஊசி மருந்து நரம்புக்குள் நுழையக்கூடிய வடிவில் குறைவாகவே இருக்கும். ‘மூணு ஊசி போட்டும் வலிச்சது’ என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சீழை வடியவிடுவதும், வீக்கத்துக்கு அப்பால் தள்ளி நரம்பின் அடிப்பகுதியில் ஊசி போடுவதும்தான் இதற்கு வழி. பயத்தணிப்பு மருந்து இந்த வலியைப் போக்காது. வலிக்கிறதே என்று அந்த மருந்தை மேலும் மேலும் ஏற்றினால் வலி நிற்காது, மூச்சுதான் மட்டுப்படும். இந்தத் துறையில் விபத்து நடக்கும் வழிகளில் இதுவும் ஒன்று என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

அடுத்தது சிரிப்பூட்டும் வாயு. இந்த நைட்ரஸ் ஆக்சைடு பல் மருத்துவத்துக்குள் வந்ததே ஒரு பல் டாக்டரால்தான். ஹோரஸ் வெல்ஸ் 1844 டிசம்பரில் இதை முகர்ந்துகொண்டு தன் சொந்தப் பல்லையே பிடுங்கக் கொடுத்தார். அன்றைக்கு வாயுவைத் தனியாக முகர்ந்தார்கள். இன்றைய கருவியில் ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காது; ஆக்சிஜன் தீர்ந்தால் வாயுவும் தானாக நின்றுவிடும். மூக்கு மூடியை வைத்து முதலில் வெறும் ஆக்சிஜன் தருவார்கள். பிறகு ஒரு நிமிடத்துக்கு 10 சதவீதம் வீதம் வாயுவைக் கூட்டுவார்கள். விரல் நுனிகள் குறுகுறுத்து, கால் கனத்து, உடம்பு வெதுவெதுப்பாகும். பலருக்கு 30 முதல் 50 சதவீதத்துக்குள் போதும். வேலை முடிந்ததும் குறைந்தது 3 முதல் 5 நிமிடம் முழு ஆக்சிஜன் தரவேண்டும். இல்லையென்றால் ரத்தத்திலிருந்து வெளியேறும் வாயு நுரையீரலில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தலைவலியோடு வீட்டுக்குப் போவீர்கள்.

மூக்கால் மூச்சு விட்டால்தான் வாயு வேலை செய்யும். சளி பிடித்திருந்தால் தேதியை மாற்றுங்கள். வாயைத் திறந்து அழுகிற குழந்தைக்கு மூடி வைப்பது வீண். மீசை அடர்த்தியாக இருந்தாலும் மூடி சரியாகப் படியாமல் கசியும். சிரிக்கவேண்டாம், நாற்காலியருகே நிற்கும் தாதியும் அதைத்தான் முகர்கிறார். கருவுற்று முதல் 3 மாதத்தில் இருப்பவர்களுக்கும், விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயுக்குமிழி வைக்கப்பட்டவர்களுக்கும் இது கூடாது. நம்மவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்றும் உண்டு. இந்த வாயு உடம்பில் பி12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்கிறது. பால்கூடச் சேர்க்காத சைவர்களுக்கும், பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 ஏற்கெனவே குறைந்திருக்கலாம். ஒருமுறை அரைமணி நேரம் என்றால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது; குறைபாடு இருப்பது தெரிந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

பயத்தணிப்பு மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாக. டயசிபாம் 5 மில்லிகிராம் முதல்நாள் இரவிலும், 5 முதல் 10 வரை சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பும் தருவது பழைய வழக்கம். விழுங்கியதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பதே இதன் பலவீனம். ‘ஒண்ணும் தெரியலையே’ என்று அவசரப்பட்டு இரண்டாவதையும் போட்டால், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து சிகிச்சையின் நடுவில் அமுக்கும். வயதானவர்களின் உடம்பில் இது நாள்கணக்கில் தங்கும். மறுநாள் குளியலறையில் வழுக்கி விழுவதற்கு இது போதும். அக்கம்பக்கத்தார் தூக்க மாத்திரையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

கை ஊசி என்பது பெரும்பாலும் மிடசோலம் என்ற பயத்தணிப்பு மருந்து. புறங்கையில் சிறு குழாய் பொருத்தி, நிமிடத்துக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், பேச்சு குழறி இமை கனக்கும்வரை ஏற்றுவார்கள். முதியவர்களுக்கு அரை மில்லிகிராம் கொடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்கவேண்டும், ரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால். கூப்பிட்டால் பதில் சொல்லும் நிலைதான் இங்கே எல்லை. பதில் வரவில்லை என்றால் அது ஆழ்மயக்கம், கிளினிக்கில் நடக்கவேண்டியதல்ல. ‘நான் முழுக்கத் தூங்கிட்டேன்’ என்று பிறகு சொல்கிறவர் உண்மையில் தூங்கவில்லை. வாயைத் திற என்றபோது திறந்தார், இந்தப் பக்கம் திரும்பு என்றபோது திரும்பினார். மிடசோலம் நினைவைப் பதியவிடாது, அவ்வளவுதான். விளம்பரங்கள் விற்பது அந்த மறதியைத்தான். அதே மறதியால் ‘பஞ்சை அரை மணி நேரம் கடிச்சுக்குங்க, இன்னைக்கு வாய் கொப்பளிக்காதீங்க’ என்று டாக்டர் சொன்னதும் மறந்துபோகும். துணைக்கு வந்தவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும்.

துணை என்றால் கிரேப் வாடகைக்கார் ஓட்டுநர் அல்ல. அன்றிரவு வரை கூடவே இருக்கக்கூடிய பெரியவர் ஒருவர் வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்துவிட்டு, ‘தெளிஞ்சுட்டேன்’ என்று பினாங்குப் பாலத்தில் ஓட்டிக்கொண்டு திரும்புவது நடக்காத காரியம். 24 மணி நேரத்துக்கு வண்டியும் வேண்டாம், கேஸ் அடுப்பும் வேண்டாம், கடன் பத்திரத்தில் கையெழுத்தும் வேண்டாம்.

பட்டினி விதி பொதுவாக இப்படி: திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த பானத்துக்கு 2 மணி நேரம். நம் ஊர்க் கணக்கில் பால் சேர்க்காத கோப்பி ஓ தெளிந்த பானம். பால் சேர்த்த கோப்பியும் தே தாரேயும் உணவு. நீரிழிவுக்காரர்கள் காலையின் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். இன்சுலினையும் கிளிக்லசைடையும் பட்டினியோடு சேர்த்தால் சர்க்கரை தாழும். அரை மயக்கத்தில் இருப்பவர் தன் நடுக்கத்தைச் சொல்லமாட்டார், மருந்து வேலை செய்கிறது என்றே தோன்றும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகளைப் பட்டினிக்கு 3 நாள் முன்பே நிறுத்தவேண்டியிருக்கும். அதை உங்கள் நீரிழிவு டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும்.

மருந்துப் பட்டியலை மறைக்காதீர்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பல் வீக்கத்துக்காக எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ கொடுத்திருப்பார்கள். இரண்டும் மிடசோலத்தை உடம்பில் தேக்கிவைக்கும். டில்டியாசெம் ரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான். இருமல் மருந்தும் தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையும் மதுவும் மேலே சுமை ஏற்றும். குறட்டையையும் சொல்லவேண்டும். மூச்சு நின்று நின்று வருமளவுக்குக் குறட்டை விடுகிறவருக்குக் கை ஊசி கிளினிக்கில் போடக்கூடாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை, பள்ளிப் பல் தாதியருக்கான பயிற்சி 1949-லேயே இந்தப் பினாங்கில்தான் தொடங்கியது. வலி வருவதற்கு முன்பே பல் நாற்காலியில் ஏறிப் பழகிய பிள்ளைக்குப் பெரும்பாலும் எந்த மயக்கமும் தேவைப்படுவதில்லை. பல பற்கள் சொத்தையான 3 வயதுப் பிள்ளைக்கு மருத்துவமனையில் முழு மயக்கம்தான் சரி. அங்கே சந்தேகமான பல்லை அடைத்துப் பார்ப்பதைவிட எடுத்துவிடுவார்கள் அல்லது உலோக உறை போடுவார்கள், இரண்டாவது முறை மயக்கம் கொடுக்க நேரக்கூடாது என்பதால். பெற்றோர்கள் இதை ‘அவசரப்பட்டுப் பிடுங்கிட்டாங்க’ என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். வீட்டிலேயே தூக்க சிரப் கொடுத்து அழைத்துவருவது மட்டும் ஒருபோதும் கூடாது. குழந்தையின் மூச்சுக்குழல் குறுகியது, கார் இருக்கையில் தலை சாய்ந்தாலே அடைபடும்.

கை ஊசிக்குச் சம்மதிக்கும் முன் கிளினிக்கில் கேளுங்கள்: பல் வேலை செய்யும் டாக்டரைத் தவிர, என்னை மட்டும் கவனிக்கப் பயிற்சி பெற்ற இன்னொருவர் அறையில் இருப்பாரா? விரலில் ஆக்சிஜன் அளவி மாட்டுவீர்களா? ஆக்சிஜனும் உறிஞ்சு குழாயும் ஃப்ளூமாசெனில் என்ற முறிவு மருந்தும் கைக்கெட்டும் இடத்தில் இருக்குமா? முறிவு மருந்து மிடசோலத்தைவிட முன்னதாகவே வேகம் தீர்ந்துவிடும், அதனால் அதைக் கொடுத்த பிறகும் உடனே வீட்டுக்கு அனுப்பக்கூடாது. ‘ப்ரோபோஃபோல் தருகிறோம்’ என்றால், அது ஆழ்மயக்கம் வரை கொண்டுபோகக்கூடிய மருந்து, மயக்கவியல் நிபுணர் யார் என்று கேளுங்கள். டாக்டரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா, இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

உங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. மருத்துவப் பக்கத்திலும் விளம்பரங்களிலும் மரப்பு ஊசி, பயத்தணிப்பு, முழு மயக்கம் என்று மூன்றையும் பிரித்து அச்சிடுங்கள். இவற்றைவிட நல்ல சொற்களை வாசகர்கள் எழுதி அனுப்பினால் அவற்றையே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பல் மருத்துவத் துறையில் பணிபுரியும் வாசகர்கள் சிலர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு